எட்டாம் நம்பர் ஷூ

ஆம்பூரில் பனி இறங்கினால் தோல் வாடை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே படுத்துக்கொள்ளும். அந்த வாடைக்குள் புகுந்து, நான் தைத்த எட்டாம் நம்பர் ஷூ ஜோடியைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியேறினேன். நாங்கள் வாடகைக்கு இருப்பது தோல் பதனிட்டு, இப்போது மூடிப்போன ஒரு பழைய டேனரியின் மாடி. தோல் காய்வதற்காகச் சுவர் முழுக்க இடைவெளி விட்டு மரச்சட்டங்கள் அடித்திருப்பார்கள். இப்போது அங்கே எங்கள் சுடிதார்கள் காய்கின்றன.

அறைத்தோழி முபஷ்ஷிரா வாணியம்பாடிக்குக் கிளம்பப் பையோடு நின்றாள்.

"நீயும் வந்துடு ஹெப்சி. ரெண்டு நாள் தனியா இன்னா பண்ணுவே?"

"தூங்குவேன்டி."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "விடியக்கால யாரோ நடக்கிறாங்க. வெறுங்கால்ல."

"எலியா இருக்கும்."

"எலிக்குக் குதிகால் இருக்குமா?"

அதற்குள் கீழே பஸ் ஹாரன் கேட்டது, படியிறங்கி ஓடினாள்.

நான் படிப்பது ஷூ தயாரிப்பு. கடைசி வருஷம். போன தடவை பரீட்சைக்குக் கொடுத்த ஷூவின் சோல், டைட்டஸ் சார் கையிலேயே கழன்று வந்தது. சார் அதை வைத்து விசிறிக்கொண்டார். திங்கட்கிழமை மறுபரீட்சை. இதிலும் போனால், மாதனூர் பக்கத்துக் கம்பெனியில் எனக்காக வைத்திருக்கும் வேலை இன்னொருத்திக்குப் போய்விடும். விதி ஒன்றுதான்: ஷூவைப் போட்டு யாரும் நடந்திருக்கக்கூடாது. ஒரு தடவை போட்டு நடந்தாலே விரல் மடங்கும் இடத்தில் தோலில் கோடு விழும். சாருக்கு அந்தக் கோடு போதும்.

சனிக்கிழமை வழக்கம்போல் விடிந்தது. ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஹீட்டரை பக்கெட்டுக்குள் போட்டேன், ஸ்விட்சைப் போடவில்லை. பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி அலறினேன். காயப்போட்ட ஸ்வெட்டர் சட்டங்களுக்கு நடுவே நழுவி, கீழே தள்ளுவண்டியில் போன பிரியாணி அண்டாவின் மேல் உட்கார்ந்து ஊர்வலம் போயிற்று.

அதைத் துரத்திக்கொண்டு ஓடத் திரும்பியபோதுதான் பார்த்தேன்.

ராத்திரி மேசைமேல் வைத்த ஷூக்கள் கதவோரம், தரையில் இருந்தன.

எடுத்துப் பார்த்தேன். விரல் மடங்கும் இடத்தில் கோடு. ஒன்றல்ல, ராத்திரி முழுக்க நடந்தாற்போல் கோடுகள். உள்ளே கை விட்டேன்.

அந்தக் குளிரில், வெதுவெதுப்பாக இருந்தது.

பயம் வந்தது. ஆனால் கோபம் அதை முந்திக்கொண்டு வந்துவிட்டது.

"யாரு அது? போட்டுப் பாத்துட்டு வெச்சிட்டுப் போறதுக்கு இது இன்னா பஜாரா?" என்று காலி அறையைப் பார்த்துக் கத்தினேன். சட்டங்களுக்குள் காற்று மட்டும் புகுந்து போனது. முபஷ்ஷிராவுக்கு போன் போட்டேன்.

"ஷூவைத் தூக்கிக்கினு உடனே கெளம்பி வந்துடு," என்றாள்.

"அதுவும் பின்னாடியே வந்துச்சுன்னா? பேஜாருடி. இது என் ரூமு. நான் ஏன் போவணும்?"

தைரியசாலி மாதிரி பேசிவிட்டேனே ஒழிய, போனை வைத்ததும் பாத்ரூம் போகவே லைட் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டேன்.

அன்று முழுக்க ஆவி காட்டி, தேய்த்து, கோடுகளை எடுத்தேன். உள்ளே அடித்தோலையும் உரித்துவிட்டுப் புதுசு ஒட்டினேன். கடைசியில் இரண்டு ஷூவுக்குள்ளும் லாஸ்டை அடித்து இறக்கினேன். லாஸ்ட் என்பது கால் மாதிரியே செய்த பிளாஸ்டிக் கட்டை, அதன்மேல்தான் ஷூவை உருவாக்குவோம். அது உள்ளே இருந்தால் ஒரு சுண்டுவிரல்கூட நுழையாது. ஏற்கெனவே ஒரு கால் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். லேஸை இறுக்கிக் கட்டினேன்.

"இப்போ போடு பாக்கலாம்," என்றேன்.

ஞாயிறு விடிந்தபோது பனி சட்டங்கள் வழியாக உள்ளே வந்து எதிர்க்கட்டிலை மறைத்திருந்தது.

டக்.

போர்வையை மூக்குவரை இழுத்தேன்.

டக். டக்.

வெறுங்கால் இல்லை. மடங்காத நடை. உள்ளே பிளாஸ்டிக் கட்டையோடு, விறைத்துக்கொண்டு, ஷூ நடந்தது.

சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை நெருங்கியது. என் கட்டிலருகே வந்து நின்றது.

நான் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தேன்.

"இத பாரு. நாளைக்கு எனக்குப் பரீட்சை. ஒரு கோடு விழுந்துச்சு, ரெண்டையும் கொளுத்திடுவேன். ஒழுங்கா வெச்சிடு. பரீட்சை முடிஞ்சதும் உனக்கே தர்றேன்."

மூச்சு விடவில்லை. நான்தான். அதற்கு மூச்சு இருந்ததா என்று தெரியாது.

டக். டக். தள்ளிப் போனது.

எழுந்து பார்த்தபோது ஷூக்கள் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. லேஸ் நான் போட்ட முடிச்சிலேயே இருந்தது. அன்று பகலெல்லாம் அந்த வெறுங்கால் நினைப்பாகவே இருந்தது. ஊருக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்புகிற ஊர் இது. கீழே தோலை ஊறவைத்த சுண்ணாம்புக் குழியில் இறங்கி நின்றவர்கள் காலில் என்ன போட்டிருந்திருப்பார்கள்?

திங்கட்கிழமை டைட்டஸ் சார் சோலைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. லாஸ்டைக் கழற்றினார். மேலே ஒரு கோடும் இல்லை. உள்ளே டார்ச் அடித்தவர் நிமிர்ந்தார்.

"யாரு கால்ல அளவு பாத்தே?"

"ஏன் சார்?"

"அஞ்சு வெரலும் பதிஞ்சிருக்கு. ஈரம் இன்னும் காயல. ஆனா மேல கோடு இல்லையே, எப்படி?"

புதுத்தோல். அதன்மேல் லாஸ்ட். விரல் எந்த வழியாக உள்ளே போனது?

"தெரிஞ்சவங்க சார். நடக்கல, சும்மா நின்னாங்க."

சார் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "ஃபிட்டிங் பிரமாதம்," என்று மார்க்கைப் போட்டார்.

சாயங்காலம் ஷூக்களைக் கதவுக்கு வெளியே வைத்தேன். "இந்தா, உன்னுதுதான். நடக்கிறதெல்லாம் வெளிய வெச்சிக்கோ." காலையில் அவை இல்லை. ஊரிலிருந்து திரும்பிய முபஷ்ஷிரா அந்த வாரம் முழுக்க குறட்டை விட்டுத் தூங்கினாள். அடுத்த சனிக்கிழமை தைரியமாக ஊருக்கும் போனாள்.

அன்று மத்தியானம் கடைக்குப் போய்விட்டு வந்து, பூட்டைத் திறந்து உள்ளே நுழைந்தேன்.

மேசையடியில் ஷூக்கள். சோலில் டேனரிக் கழிவின் நீலச் சேறு. இரண்டு ஹீலும் வெளிப்பக்கம் சரிந்து தேய்ந்திருந்தன.

சுத்தியலை எடுத்தேன்.

"ஒரே வாரத்துல இவ்ளோ தேய்ச்சிருக்கே! ஹீல் மாத்தித் தர்றேன். ஆனா இது என் ரூமு. நான் போவமாட்டேன், சொல்லிட்டேன்."

எதிரே முபஷ்ஷிராவின் கட்டிலில், யாரோ காத்திருக்க உட்கார்ந்ததுபோல், மெத்தை மெதுவாக அமுங்கியது.