மேற்கே சரிந்த பாறை

2071ஆம் ஆண்டு மார்ச் 12, வியாழக்கிழமை, முற்பகல் 10.40 மணிக்குப் பல்கலைக்கழகத் தேர்வு மேல்முறையீட்டுக் குழு மூன்றாம் முறையாகக் கூடியது. முறையிட்டவர் நிலவியல் இறுதியாண்டு மாணவி சகாயமேரி, பிறவியிலேயே பார்வையற்றவர். இரண்டு மதிப்பெண் குறைவால் அவருடைய பட்டம் நின்றுபோயிருந்தது. அவ்விரண்டும் பதினேழாம் வினாவுக்கு உரியவை.

ஏழு ஆண்டுகளாக அங்கே எந்தப் படமும், 'உரைகாட்டி' என்னும் பொறி அதைச் சொற்களாக்கிச் சான்றளிக்காமல், இணையத்தில் ஏறுவதில்லை. பார்வையற்றோருக்காக வந்த அப்பொறியைப் பார்வையுள்ளோரே மிகுதியாகப் பயன்படுத்தினர். பார்ப்பதைவிடக் கேட்பது எளிதாக இருந்தது. ஆசிரியர்களும் அவ்வாறே பாடம் தயாரித்தனர்.

வினா இதுதான்: பாடத்தின் ஒன்பதாம் படத்தில் எந்தப் பக்கப் பாறை கீழே சரிந்துள்ளது? உரைகாட்டி 'கிழக்கு' என்றிருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவ்வாறே எழுதினர். சகாயமேரி மட்டும் 'மேற்கு' என்று எழுதினார்.

"மேற்குன்னு எப்படிம்மா வந்தது?" என்றார் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் வேதமூர்த்தி.

"அந்தப் படத்துல இருக்கிற இடத்தோட ஆழ்துளை அளவுகளை முன்னாடியே கேட்டு வாங்கினேன் சார். நிலக்கரி அடுக்கு கிழக்கே நாற்பது மீட்டர் ஆழத்துல இருக்கு, மேற்கே அறுபத்தஞ்சுல. தாள்ல குத்தித் தடவிப் பார்த்தேன்."

அவர் நீட்டிய தடித்த தாளில் புள்ளிகள் மேடிட்டிருந்தன. குழு உறுப்பினர் பேராசிரியர் அமலோற்பவம் முகம் மலர்ந்தார். "பிரெய்ல் தாளைப் பின்பக்கமிருந்துதானே குத்துவே? வலமிருந்து இடமா? அங்கதான் மாறிப்போச்சு. பாவம், நீ என்ன செய்வே!"

"ஆறு வயசுலேருந்து குத்துறேன் மேடம். தாளைத் திருப்ப மறந்தா என் பேரையே என்னால படிக்க முடியாது."

"அப்போ இருநூத்திப் பன்னிரண்டு பேரும் தப்பாம்மா?" என்றார் வேதமூர்த்தி.

"அவங்க படத்தைப் பார்க்கலை சார், கேட்டாங்க. படம் உங்க மேசையிலதான் இருக்கு. உங்களுக்குக் கண் இருக்கு. ஒரு தடவை பாருங்களேன்."

வேதமூர்த்தி படத்தை எடுத்தார். பழக்கத்தால் அதை உரைகாட்டியின் முன் நீட்டினார். "கிழக்குப் பாறை கீழே சரிந்துள்ளது" என்றது பொறி.

"பார்த்தாச்சா சார்?" என்றார் சகாயமேரி.

அதன் பிறகே வேதமூர்த்தி குனிந்து பார்த்தார். அமலோற்பவமும் பார்த்தார். சரிந்திருந்தது மேற்குப் பாறைதான்.

"இதை ஒத்துக்கிட்டா ஏழு வருஷப் படங்களையும் யாராவது உட்கார்ந்து பார்க்கணும். யார் பார்க்கிறது?" என்றார் அமலோற்பவம்.

"வேணும்னா நான் பார்க்கிறேன் மேடம்."

எவரும் சிரிக்கவில்லை.

குழு ஒருமனதாக முடிவு செய்தது: சான்று பெற்றது விளக்கமே, படம் அன்று. ஆகவே, விளக்கத்தோடு பொருந்துமாறு ஒன்பதாம் படம் திருத்தி வரையப்படும். சகாயமேரிக்கு மாற்றுத்திறனாளி என்ற முறையில் இரண்டு கருணை மதிப்பெண்கள் வழங்கப்படும். 'கருணை' என்பதை நீக்கிச் 'சரியான விடை' என்று பதியுமாறு அவர் எழுத்து மூலம் கேட்டார். திருத்திய படத்தின் அடிப்படையில் அக்கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.