முகவரி கேட்ட லிஃப்ட்

குர்லா ஸ்டேஷனிலிருந்து மழையில் நனைந்துகொண்டே பொன்செல்வி அந்தப் பழைய அலுவலகக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. அதன் ஐந்து மாடி நெட்வொர்க்கையும் தாராவியில் தன் வீட்டிலிருந்தபடியே இரண்டு வருடமாகக் கவனித்துவருகிறாள். உள்ளே கால் வைப்பது இதுதான் முதல்முறை. ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கடியில் தேங்கிய நீரின் வாடை.

மேனேஜர் சந்திரமௌலி வாசல் மேசையிலேயே காத்திருந்தார்.

“காலம்பரலேர்ந்து ஸ்கிரீன் பூரா அட்டாக், அட்டாக்னு வர்றதும்மா. எல்லாரும் கம்ப்யூட்டரை பந்த் பண்ணிட்டு உக்காந்திருக்கா.”

லேப்டாப்பைத் திறந்தாள். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். ஒரே கருவி, அத்தனை கம்ப்யூட்டர்களுக்கும் திரும்பத் திரும்ப எதையோ அனுப்பிக்கொண்டிருந்தது. கருவியின் எண் மட்டும் தெரிந்தது; அனுப்புநர் முகவரி வெறும் பூஜ்யங்கள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இது அட்டாக் இல்ல சார். அட்டாக்னா வேற வேற நம்பர்ல வந்து, இருக்குற அட்ரஸையெல்லாம் காலி பண்ணிரும். இது ஒரே மெஷினோட நம்பர். புதுசா ஆன் ஆன மெஷினுக்கு அட்ரஸ் கெடையாது. யாருகிட்ட கேக்கணும்னும் தெரியாது. அதான் எல்லாரையும் பாத்து, எனக்கொரு அட்ரஸ் குடுங்கன்னு கத்துது. சர்வர் குடுத்துட்டா அடங்கிரும்.”

“அப்போ ஏன் அடங்கலை?”

“யாரோ தடுத்து வச்சிருக்காங்க.”

தடுக்கப்பட்டவற்றின் பட்டியலைத் திறந்தாள். அந்த எண் இருந்தது. போன வருடம், ஜூலை ஒன்பது, பிற்பகல் 3.40. தடுத்தவர் பெயர்: பொன்செல்வி.

நினைவு வந்தது. அன்றும் அடைமழை. இதே சிவப்பு. கையில் டீ டம்ளரோடு, என்ன ஏது என்று பார்க்காமல் ஒரே அழுத்தில் தடுத்திருந்தாள்.

“இந்த நம்பர் எந்த மெஷின் சார்?”

சந்திரமௌலி பழைய ஃபைலைப் புரட்டினார். அவர் விரல் ஒரு வரியில் நின்றது.

“லிஃப்டுக்குள்ள இருந்த எமர்ஜென்ஸி ஃபோன். ஆனா அந்த லிஃப்டையே கழட்டிப் போட்டாச்சேம்மா. பேஸ்மென்டைச் சுவர் வெச்சு அடைச்சாச்சு.”

“ஏன்?”

அவர் குரல் தணிந்தது.

“போன ஜூலை மழையில, வாட்ச்மேன் இசக்கிமுத்து மோட்டார் பாக்கக் கீழ போனான். கரண்ட் போயி வந்துது, லிஃப்ட் அங்கேயே நின்னுடுத்து. தண்ணி உள்ள ஏறிடுத்து. பொணத்தை எடுத்தப்போ, பட்டனை அமுக்கி அமுக்கி நகமே பிஞ்சிருந்துது. இந்த மேசைக்கு ஒரு ரிங்கும் வரலை. ஃபோன் தண்ணியில கெட்டுப்போச்சுன்னு நெனைச்சோம்.”

கெட்டுப்போகவில்லை.

கரண்ட் திரும்பியதும் அந்த ஃபோன் முகவரி கேட்டிருக்கிறது. முகவரி கிடைத்தால்தான் அதனால் யாரையும் அழைக்க முடியும்.

திரையில் இன்னொரு சிவப்பு வரி வந்தது.

இன்னொன்று.

தடையை நீக்கினாள். மணி மூன்று நாற்பது.

அது கேட்டது. சர்வர் கொடுத்தது. அது பெற்றுக்கொண்டது.

மேசை ஃபோன் அடித்தது.

சந்திரமௌலி சுவரோரம் ஒதுங்கினார். பொன்செல்வி எடுத்தாள். நீர் சளசளத்தது. அதற்குள் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

“யாராவது இருக்கியளா?”

அவள் வீட்டில் பேசும் அதே திருநெல்வேலித் தமிழ்.

“இருக்கேன் அண்ணாச்சி.”

நீர்ச்சத்தம் கூடியது.

“இப்பத்தான் எடுக்கியா தாயி? எவ்வளவு நேரமா கூப்புடுதேன். தண்ணி கழுத்துக்கு வந்துட்டு. ஆள அனுப்பும்மா.”

ரிசீவரை நழுவவிட்டுப் படியிறங்கி ஓடினாள். கீழே சிமென்ட் பூசிய சுவர். இரண்டு கையாலும் அடித்தாள். அண்ணாச்சி, அண்ணாச்சி என்று கத்தினாள். சுவர் காய்ந்து, அசையாமல் நின்றது. மேலே வந்தபோது ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. காதில் வைத்தால் வெறும் இரைச்சல்.

அன்று மாலை வீட்டில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தாள். அந்த எண்ணை மறுபடி தடுக்க ஒரு பொத்தான் போதும். தடுத்தால் இரண்டாம் முறையும் அவள்தான் தடுத்தவள். தடுக்காவிட்டால் அந்த மேசையில் ஃபோன் அடிக்கும். எடுத்து என்ன சொல்வது?

அந்த முகவரியை எட்டு மணி நேரத்துக்குத்தான் சர்வர் கொடுத்திருந்தது. பாதி நேரம் போனதும், ஓடிக்கொண்டிருக்கும் எந்தக் கருவியும் தன் முகவரியைப் புதுப்பித்துக்கொள்ளும்.

ஏழு நாற்பதுக்குத் திரையில் அந்த எண்ணோடு ஒரு வரி ஓசையில்லாமல் ஏறியது.

புதுப்பிக்கப்பட்டது.