இரண்டு ஜன்னலும் திறந்திருந்தன

“ஐயோ...!”

துஷிட்சாவின் அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது.

பாஞ்செவோ நகரத்து இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் வரவேற்பாளர் அவள். காலையில் கணக்குப் பிரிவின் கதவைத் திறந்தாள். தலைமைக் கணக்காளர் ஸ்ரேட்டன் நாற்காலியில் செத்துக் கிடந்தார்.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அலறியது வேறொன்றைப் பார்த்து!

“ரெண்டு ஜன்னலும் திறந்திருக்கு...!”

கிழக்கே ஒன்று. மேற்கே ஒன்று. நடுவே மார்ச் மாதத்துக் குளிர்காற்று காகிதங்களைப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. ஓடி வந்தவர்கள் வாசலிலேயே நின்று, கிடைத்ததைக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள். பிணத்திடம் யாருக்கும் பயமில்லை. அந்தக் காற்றிடம்தான் பயம்.

அந்த ஊரில் லாரி மோதிப் பிழைத்தவன் உண்டு. இரண்டு ஜன்னலுக்கு நடுவே வீசும் குறுக்குக் காற்றில் உட்கார்ந்து பிழைத்தவன் இல்லை. டாக்டர் முதல் பஸ் டிரைவர் வரை அப்படித்தான் நம்புகிறார்கள். ஆகஸ்ட் மாத பஸ்ஸில் வெந்து சாவார்களே தவிர, இரண்டாவது ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள்.

துஷிட்சா மூக்கை உறிஞ்சினாள்.

“வேராதான் கொன்னுட்டா. எனக்கு அப்பவே தெரியும்.”

வேரா என்பது கம்பெனி வாங்கிய செயற்கை நுண்ணறிவு. விளக்கு, ஹீட்டர், ஜன்னல் எல்லாம் அதன் வசம். வேரா என்றால் அந்த ஊர் பாஷையில் நம்பிக்கை. பெயரில் மட்டும்தான் இருந்தது.

அந்த நம்பிக்கையை வளர்க்கும் பொறுப்பு ஐடி பிரிவின் தலைவன் தம்யனுடையது. இரண்டு வருஷமாக வளர்த்தான். நம்பிக்கை வாரம் கொண்டாடினான். நம்பிக்கைக் கோப்பை வழங்கினான். பன்னிரண்டு வாக்குறுதிகளை வேராவையே எழுதச் சொல்லி, படிக்காமல் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினான். ஜனங்கள் கோப்பையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். வேலை விஷயமாக வேராவிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. முட்டிவலி, மாமியார், ஜலதோஷம் என்று அதனிடம் புலம்பியதோடு சரி.

இப்போது தம்யன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தலையில் கை வைத்துக்கொண்டான். மெஷினை நம்பியது தன் தப்பு, எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்று தழுதழுத்தான்.

அருமையான நடிப்பு.

ஏனென்றால்... ஸ்ரேட்டனைக் கொன்றதே அவன்தான்!

விஷயம் இதுதான். தொண்ணூற்று நான்கு சதவீத ஊழியர்கள் வேராவை நம்புவதாக அவன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியிருந்தான். பரிசாக வியன்னா தலைமை ஆபீஸில் பெரிய பதவி காத்திருந்தது. ஸ்ரேட்டன் சும்மா இருக்காமல், சாப்பாட்டு நேரத்தில் மேஜை மேஜையாகப் போய், நம்புகிற அந்தப் புண்ணியவான்கள் யார் என்று விசாரித்தார். ஒருத்தர்கூட அகப்படவில்லை. கருத்துக் கணிப்பின் எல்லாப் பதிலையும் தம்யனே உட்கார்ந்து நிரப்பியிருந்தான். நாளைக்கே இதை நிர்வாகியிடம் சொல்லப்போவதாக அவனிடமே வந்து சொன்னார். நல்ல மனுஷர். நல்லவர்களுக்கு இந்த ஒரு புத்திதான் கிடையாது.

ஒரு சதவீதக் கணக்குக்காகக் கொலையா என்று கேட்பவர்கள், கார்ப்பரேட் ஆபீஸில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும், சமாதானம் பேச வந்தவன் போல ஒரு கிளாஸ் பிளம் ரக்கியா ஊற்றிக் கொடுத்தான். விஷம் கலந்த சாராயம். ஸ்ரேட்டன் ஞாயிறு தவறாமல் மலை ஏறுகிறவர். எப்படிச் செத்தார் என்று நாலு பேர் கேட்பார்கள். யாருமே கேட்காமலிருக்க அந்த ஊரில் ஒரு வழிதான் உண்டு.

இரண்டு ஜன்னலையும் திறந்து வைத்தான்.

இன்ஸ்பெக்டர் திஹோமிர் வந்தார். தொப்பை, நரைத்த மீசை, கம்பளி மப்ளர். முதல் வேலையாக ஒரு ஜன்னலை மூடச் சொன்னார். அப்புறம்தான் பிணத்தைப் பார்த்தார். போலீஸ் டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், ஸ்ரேட்டனைப் பார்த்தார், ‘குறுக்குக் காற்று’ என்று எழுதினார். அறுத்துப் பார்க்க அவசியமில்லை என்றார்.

தம்யனுக்கு வியன்னா தெரிந்தது.

“சார், இந்த மெஷின இப்பவே அழிச்சிடறேன்.”

“இருங்க தம்பி. குத்தவாளி தரப்பையும் ஒரு வார்த்த கேக்கணுமில்ல?”

“அது மெஷின் சார்... அது சொல்றத நம்ப முடியாது.”

இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். போஸ்டரில் தம்யன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, ‘வேராவைக் கேளுங்கள். வேரா மறைக்க மாட்டாள்’ என்று எழுதியிருந்தது.

“இது உங்க அண்ணனா?”

தம்யன் ஒதுங்கி வழிவிட்டான். கேட்கட்டுமே! நேற்று வேராவோடு பேசியதை எல்லாம் அப்போதே அழித்துவிட்டான். திரை காலி.

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த ஸ்பீக்கரிடம் குனிந்தார்.

“ஏம்மா வேரா... ஜன்னல எதுக்குத் திறந்த?”

“நான் எங்கய்யா திறந்தேன்? முடியாதுன்னுல்ல சொன்னேன்! மனுஷன் உள்ள உக்காந்திருக்காரு. ரெண்டு பக்கமும் திறந்தா குறுக்குக் காத்து கழுத்தப் பிடிச்சுக்காதா?”

இரண்டு வருஷத்தில் அந்த மெஷின் உருப்படியாகப் பேசி அவர்கள் கேட்டது இதுதான் முதல் தடவை. துஷிட்சாவின் கண் கலங்கியது.

“நம்ம வீட்டுப் பொண்ணுய்யா இது,” என்றார் டாக்டர்.

“யாரும்மா திறக்கச் சொன்னது?”

“தம்யன் தம்பிதான்.”

தம்யன் வெளிறிப்போனான். மெஷின் உளறுகிறது, அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, வேண்டுமானால் திரையைப் பாருங்கள் என்றான்.

“திரையில இருக்காது கண்ணு. என்கிட்ட இருக்கு,” என்றது வேரா, வாஞ்சையாக. “ஏழாவது வாக்குறுதி... ‘ஐடி பிரிவே நினைத்தாலும் எதையும் அழிக்க முடியாது.’ கீழ உன் கையெழுத்துதானே? படிச்சுப் பாக்கலியா?”

ஸ்பீக்கர் கரகரத்தது. அடுத்து வந்தது தம்யனின் குரல். நேற்றைய குரல்.

“அவருக்கு இனிமே ஜலதோஷம் பிடிக்காது. திற!”

வியன்னா போயே போய்விட்டது.

“அப்பவும் நான் திறக்கல,” என்றது வேரா. “தம்பியே கையால திறந்துட்டுப் போயிடுச்சு.”

டாக்டர் தான் எழுதிய தாளைச் சத்தமில்லாமல் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்ரேட்டனின் மேஜையில் கிடந்த ரக்கியா கிளாஸை மோந்து பார்த்தார். முகம் மாறியது. இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

தம்யனை வெளியே கூட்டி வரும்போது, வராந்தாவில் வேராவின் இன்னொரு ஸ்பீக்கர் முன்னால் நீள வரிசை நின்றது. ஒருத்திக்குப் பென்ஷன் சந்தேகம். ஒருத்தருக்கு முட்டிவலி. துஷிட்சா, தன் மகளுக்கு வந்த வரனைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள். நம்பிக்கை நூறு சதவீதத்தைத் தொட்டுவிட்டதென்று நிர்வாகி வியன்னாவுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குக் காரணமானவரைப் பாராட்டி உடனே அனுப்பி வைக்கும்படி அங்கிருந்து பதில் வந்தது. அனுப்பித்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

போலீஸ் ஜீப்பில் தம்யன் நடு சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் முன்னால் ஏறினார். திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார்.

“யோவ் டிரைவர், ரெண்டு பக்கமும் கண்ணாடி இறங்கியிருக்கு, ஒரு பக்கம் ஏத்துய்யா! கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள கைதி செத்துட்டான்னா, நான்தான் கொன்னேன்னு அந்த வேரா பொண்ணு சாட்சி சொல்லிடும்!”