ஒரு பக்கமாக மென்றவர்

“தாத்தா, ஏன் ஒரு பக்கமாவே மெல்றீங்க?”

ஆறு வயது பியூலா இரண்டு மாதத்துக்கு முன் கேட்ட கேள்வி அது. “அந்தப் பக்கத்துக்கு ஷிப்ட் முடிஞ்சிடுச்சு, கண்ணு” என்றார் கொர்னேலியஸ். வீடே சிரித்தது.

வெள்ளி, காலை 6.10. மருமகள் லூயிசா கஞ்சியோடு வந்து தொட்டபோது அவர் உடம்பு குளிர்ந்திருந்தது.

காலை 8.30. ராபர்ட்சன்பேட்டை எஸ்.ஐ. நளினி வந்தார். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். வாசலில் நின்ற ஏனோக்தான் புகார் கொடுத்தவர். கொர்னேலியஸோடு இருபது வருடம் ஒரே கேஜ் கூண்டில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்.

“மருமகதாம்மா கொன்னுட்டா. இந்தக் குவார்ட்டர்ஸ் வீட்டு மேல கண்ணு. ஒன்றரை மாசமா வெறும் கஞ்சி. நகத்தப் பாருங்க, விஷம் ஏறியிருக்கு.”

நளினி முன்னறைக் கட்டிலில் கிடந்தவரின் கை மேல் குனிந்தார். நகங்களுக்கு அடியில் முள் ஏறியது போல மெல்லிய சிவப்புக் கோடுகள்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலையா?”

“இன்னாம்மா நீங்க? ஊசின்னாலே ஓடுவான். முதுகுப் பிடிப்பு, பல்வலி, எல்லாத்துக்கும் நான்தான் அவனுக்கு டாக்டரு.”

உள்ளே லூயிசா அழுது ஓய்ந்திருந்தாள்.

“ஏன் கஞ்சி மட்டும்?”

“முதல்ல வாய் வலி, மேடம். பாப்பாகூட கேட்டா, ஏன் ஒரு பக்கமா மெல்றீங்கன்னு. வலி போச்சு, காய்ச்சல் வந்துச்சு. தினம் சாயங்காலம். டாக்டர்கிட்ட போலாம்னு கெஞ்சினேன். ‘எல்லாம் சுரங்கத் தூசி’ன்னுட்டாரு. ஊர் என்னைய ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குது. கர்த்தருக்குத் தெரியும்.”

இறந்தவரின் வாய் சற்றே திறந்திருந்தது. நளினி டார்ச் அடித்தார். இடது கடைவாயில் ஒரு பல் இல்லை. அங்கே ஈறு இன்னும் இளசாக இருந்தது.

தலைமாட்டு பைபிளுக்குள் ஒரு பழைய மருத்துவச் சீட்டு: ‘இதய வால்வு பழுது. பல் எடுக்கும் முன் கட்டாயம் சொல்லவும்.’

சனி, மதியம் 3.00. ஸ்டேஷனில் ஏனோக்கும் லூயிசாவும் உட்கார்ந்திருந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் விஷத்தின் அறிகுறி இல்லை. இதய வால்வில் கிருமிக் கட்டிகள் இருந்தன.

“டாக்டரே, கடைசியா எப்ப வைத்தியம் பார்த்தீங்க?” என்று ஏனோக்கிடம் கேட்டார் நளினி.

“எதச் சொல்றீங்கம்மா?” என்றார் ஏனோக்.

“அவரோட கடைவாய்ப் பல்லு?”

“நான்தாம்மா எடுத்தேன், குறடு வெச்சு. சுரங்கத்துல கீழ லெவல்ல நாங்க அப்படித்தான் எடுத்துப்போம், ஷிப்ட் வீணாகக்கூடாதுன்னு. ஒன்றரை மாசம் இருக்கும்…”

“வலி போனதும் எல்லாரும் பல்ல மறந்துட்டீங்க. அப்பதான் காய்ச்சலே ஆரம்பிச்சுது. சொத்தையில இருந்த கிருமி ரத்தத்துல இறங்கி, பழுதான வால்வுல தங்கிடுச்சு. நகத்துல இருந்த கோடும் அதாலதான்.”

“அப்ப கொன்னவன்…”

நளினிக்குக் கோபம் வரவில்லை, சோர்வுதான் வந்தது. “பல்ல அன்பாத்தான் எடுத்தீங்க, ஐயா. வால்வு விஷயத்த அவர் உங்ககிட்ட மறைச்சிட்டாரு. ஆனா இந்தப் பொண்ணு மேல பழி போட்டீங்களே, அது அன்பு இல்ல.”

லூயிசா எழுந்தாள். “வாங்க மாமா, ஒரே ஆட்டோல போயிடலாம்.”

ஏனோக் தலையசைத்து மறுத்துவிட்டு, நடந்தே போனார்.

திங்கள், காலை 5.30. அடக்கம் முடிந்த அசதியில் லூயிசா வீடு தூங்கியது. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர் தெருக்குழாயில் வந்தது. அவள் வாசலில் கவிழ்ந்திருந்த குடங்களை ஏனோக் ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் நிரப்பினார். சத்தமில்லாமல் வரிசையாக வைத்து மூடினார். கதவு திறப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்.