கேட்பாரற்ற கப்பல்

பலகார வரிசையில் செண்பகவடிவுக்கு முன்னால் நின்ற புகை மரிக்கொழுந்து சென்ட் போட்டிருந்தது. பின்னால் நின்ற புகைக்கு வயிறு சரியில்லை, ஓமத்திரவ நெடி. இடது பக்கத்தில் இரண்டு புகைகள். ஒரே சோப்பு வாசனை, ஆகவே ஒரே குளியலறை. நடுவில் ஒரு முழ இடைவெளி, ஆகவே ராத்திரி சண்டை. கண்ணும் காதும் எடுபடாத காலத்தில் ஒரு மனுஷி நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மூக்கைத்தான் நம்பவேண்டும்.

புகை என்பது ஊர் வைத்த பெயர். சட்டத்தில் ‘மறையுரு’ என்று இருக்கிறது. கண்ணுக்குள் ஒரு வில்லை, காதுக்குள் ஒரு மணி, இரண்டையும் எல்லோருக்கும் பதித்தாயிற்று. அதற்குப் பிறகு அறிமுகமில்லாத ஆள் யாராக இருந்தாலும் சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரிவார், முட்டிக்கொள்ளாத அளவுக்கு. அவர் தூக்கிவருகிற சாமானும் அந்தப் புகைக்குள்தான். அவர் பேச்சு குழாயில் தண்ணீர் ஓடுகிற இரைச்சலாகக் கேட்கும். ஒருவர் பெயரை மற்றவர் முழுசாகச் சொல்லி இசைவு கேட்டு, இருவரும் ஒப்புக்கொண்டால்தான் முகம் திறக்கும். தனியுரிமைத் திரை, பிரைவசி ஸ்கிரீன், நாகரிகத்தின் உச்சம் என்றெல்லாம் விளம்பரத்தில் சொல்வார்கள். அடுத்த வீட்டுச் சங்கதியை அள்ளிப் போட்டுக்கொள்ளாமல் தூக்கம் வராத செண்பகவடிவுக்கு அது பட்டினி போட்டது மாதிரி.

கப்பலில் பணியாளர்கள் மட்டும் முகத்தோடு நடமாடினார்கள். டிக்கெட்டிலேயே அவர்களுக்கான இசைவு சேர்ந்திருந்தது. மேல்தளத்தில் பரிமாறிய ரெஜினாவுக்குத் தூத்துக்குடிப் பேச்சு.

“காபி ஒண்ணா, ரெண்டாம்மா?”

“ரெண்டு.”

ரெஜினா எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அங்கே ஓர் ஆண்பிள்ளைத் தொப்பி இருந்தது, தலை இல்லை. இரண்டு காபியையும் வைத்தாள்.

“யாருக்குன்னு கேளேன்” என்றாள் செண்பகவடிவு.

“பயணிகிட்ட சொந்த விஷயம் கேட்டா வேலை போயிரும்மா. சர்க்கரை போடவா?”

போகட்டும், பணியாள் கேட்பது கணக்கில் சேராது. கேட்க வேண்டியவர்கள் வேறே. பல்லாவரத்தில் அவள் குடியிருந்த அடுக்ககக் கோபுரத்தின் சங்கம் இந்தக் ‘கடல் நாள்’ பயணத்துக்கு மொத்தமாக டிக்கெட் பிடித்திருந்தது. கப்பலில் பாதிப் புகை அவளுடைய சொந்த அக்கம்பக்கம். நாட்டின் கடல் எல்லையைத் தாண்டினால் திரைச் சட்டம் செல்லாது, வில்லையும் மணியும் தானாக ஓய்ந்துவிடும். ஒரு பகல் முழுக்க முகம் பார்க்கலாம், காது கொடுக்கலாம். சாயங்காலம் திரும்பி எல்லைக்குள் வந்ததும் பழைய குருடி. இதற்குத்தான் இவ்வளவு காசு.

அவள் வந்தது ஒரே ஒரு கேள்வியை வாங்கிக்கொண்டு போக. அவள் புருஷன் கோமதிநாயகம் ஐப்பசியில் தவறிப்போனார். இசைவுப் பட்டியலில் இருந்த சொந்தக்காரர்கள் வந்தார்கள், மகள் கனடாவிலிருந்து வீடியோவில் அழுதாள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் அவரை லிஃப்டில் இறக்கும்போது உள்ளே இரண்டு புகைகள் நின்றன. கொஞ்சம் ஒதுங்கி இடம்விட்டன, அவ்வளவுதான். அவர்களுக்கு அவர் நீளமான இன்னொரு புகை. அந்தக் காலமாயிருந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் நாலு பெண்கள் வாசலில் நின்று “என்னாச்சு, ராத்திரி என்ன சாப்பிட்டார், டாக்டர் என்ன சொன்னான்” என்று உயிரை எடுத்திருப்பார்கள். உயிரை எடுக்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று. மாதக் கணக்காக அவள் ஒரு பதிலை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள், எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடவேண்டும் என்பதுவரை தயார். ‘உங்க வீட்டுக்காரர் எங்கே?’ என்று அக்கம்பக்கத்தில் ஒரு வாய் கேட்டால் போதும்.

அதற்குத்தான் தொப்பியும் இரண்டாவது காபியும். தூண்டில்.

ஒன்பது மணிவாக்கில் அறிவிப்பு வந்தது. கண்ணுக்குள் ஏதோ குளிர்ந்தது. மேல்தளம் முழுவதும் புகை கரைந்து, ஐயோ, எத்தனை முகம்! எத்தனை விதமான மூக்கு! மரிக்கொழுந்து சென்ட் ஒரு வழுக்கைத் தலை ஆள். ஒரே சோப்புக்காரர்கள் புருஷன் பெண்டாட்டிதான், சண்டைதான், அவள் கணிப்பு தப்பவில்லை. செண்பகவடிவு நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு விருந்து சாப்பிட்டாள். ஒருத்தி போனில் தன் விவாகரத்தைக் கடலுக்கே கேட்கும்படி சொன்னாள். மாட்டுக்கொம்புச் சட்டகம் போட்ட மூக்குக்கண்ணாடிக்காரர் காலில் இருந்த நீளத் தையலை அடிக்கொருதரம் வேட்டியை விலக்கித் தடவிக்கொண்டார். நீச்சல்குளத்தங்கரையில் ஒரு பெண் குழந்தைச் சட்டை ஒன்றை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள், குழந்தை இல்லை.

எல்லாரையும் எல்லாரும் பார்த்தார்கள். யாராவது திரும்பிப் பார்த்தால் சட்டென்று கடலைப் பார்த்தார்கள். கடலுக்கு அன்று அப்படி ஒரு மவுசு.

அவளையும் பார்த்தார்கள். தொப்பியைப் பார்த்தார்கள். சோப்புக்காரி இரண்டு தரம் வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டாள். மத்தியானம் மந்திர வித்தைக்காரன் ஒருவன் வந்து பந்தை மறைத்தான், எல்லோரும் கைதட்டினார்கள். காபியில் ஆடை படிந்தது. ரெஜினா வந்து எடுத்துக்கொண்டு புதுசு வைத்துவிட்டுப் போனாள், ஒன்றும் கேட்காமல். பிள்ளை சமர்த்து.

வெயில் சாய்ந்தது. கப்பல் மூக்கைத் திருப்பியது தெரிந்தது, ஏனென்றால் நிழல் அவள் மேசையிலிருந்து பக்கத்து மேசைக்குப் போயிற்று. “அன்பார்ந்த பயணிகளே, சற்று நேரத்தில் உங்கள் திரை உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்” என்றது ஒலிபெருக்கி, என்னமோ தொலைந்த பர்ஸைத் தருகிற மாதிரி. செண்பகவடிவு பையைத் திறந்தாள். தொப்பியைப் பைக்குள் வைக்கக் கையை நீட்டினாள்.

கப்பலோடு காற்றும் திரும்பியிருக்கவேண்டும், அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கற்பூராதித் தைலம், சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது. அவள் வீட்டு நடைவழியில் ஒரு வருஷம் நாள்தோறும் வீசி, திடீரென்று நின்றுபோன அதே நெடி. அவள் நாளெல்லாம் முதுகு காட்டியிருந்த பக்கத்து மேசையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். எதிர் நாற்காலியில் ஒரு பெண்பிள்ளை சால்வை, ஆள் உட்கார்ந்த மாதிரியே மடித்துப் போட்டது. நெடி அதிலிருந்துதான். அவர் முன்னால் இரண்டு டீ.

செண்பகவடிவு சால்வையைப் பார்த்தாள். பிறகு காலில் தையல் போட்டவரை, குழந்தைச் சட்டையை, இன்னும் போனை வைக்காத விவாகரத்தை. அடப் பாவிகளா! கப்பல் முழுக்கத் தூண்டில், ஒரு மீன்கூட இல்லை.

“அந்தச் சால்வை யாருது?” என்றாள்.

மீசைக்காரர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். “என்னையா கேட்டீங்க?”

“பின்னே கடலையா கேட்டேன்? லேடீஸ் சால்வை. நாற்காலிக்கா குளிருது?”

“என் சம்சாரத்தோடது.”

“எங்கே அவங்க?”

அவர் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார். “காலையிலேர்ந்து இந்தக் கேள்விக்குத்தாம்மா உட்கார்ந்திருக்கேன்” என்றார். “போயிட்டா. சித்திரையில.”

“நெஞ்சுச் சளியா?”

“ஆமா. உங்களுக்கு எப்படி…”

“தைலம் யாரு காய்ச்சினது? நீங்களா?”

“நான்தான். நர்ஸ் காய்ச்சினா கருகிடும்.”

“எந்த மாடி நீங்க?”

“பதினேழு.”

“லிஃப்ட் பக்கமா, படிக்கட்டுப் பக்கமா?”

“படிக்கட்டுப் பக்கம், கடைசி வீடு.”

கடைசிக்கு முந்தின வீடு செண்பகவடிவுடையது. சொன்னாள்.

“அப்போ பெருங்காயம் நீங்கதானா? காலையில கட்டிப் பெருங்காயம் பொரியுமே. அந்த வாசனைக்குத்தான் அவ கண்ணு முழிப்பா. ‘பக்கத்து வீட்டுல ரசம் வச்சாச்சு, எழுந்திரிங்க’ம்பா. ஐப்பசியோட நின்னுபோச்சு. காலி பண்ணிட்டீங்கன்னு நினைச்சோம்.”

“ஒரு ஆளுக்கு என்னத்த ரசம்” என்றாள்.

அவர் பார்வை தொப்பிக்குப் போயிற்று, இரண்டாவது காபிக்குப் போயிற்று. “உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?” என்று கேட்டார்.

அவ்வளவு அழகாகத் தயார் செய்திருந்த பதில் எங்கே போயிற்றோ. “செத்துப்போயிட்டார் சார்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சின்னப் பிள்ளை புகார் சொல்வதுபோல. நாற்காலியை அவர் மேசைக்கு இழுத்துப் போட்டாள், தொப்பியையும்.

அப்புறம் பாருங்கள் கச்சேரியை. நேரம் குறைச்சல், பசி பெரிசு. அவருடைய மகன் இரண்டாம் கல்யாணம் ஏன் செய்துகொண்டான், முதல் மருமகளிடம் என்ன குறை, மேல்வரிசைப் பல் எத்தனை கட்டினது, சம்சாரம் கடைசியில் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள், மலச்சிக்கலுக்கு என்ன சாப்பிடுகிறார், எல்லாம் கறந்தாயிற்று. அவரும் சளைக்கவில்லை. கோமதிநாயகத்துக்கு வலி எந்தப் பக்கம் வந்தது, அப்போது அவள் எங்கே இருந்தாள், தனியாக எப்படித் தூக்கினாள் என்று கேட்டுக் கேட்டு ‘த்சொ த்சொ’ கொட்டினார். ஒன்றை மட்டும் அவள் சொல்லவில்லை. சித்திரையில் ஒருநாள் லிஃப்டில் தைல வாசனையோடு நீளமாக ஒரு புகை வந்தது. யாரோ புது சோபா வாங்குகிறார்கள், கொடுத்துவைத்தவர்கள் என்று அவள் ஒதுங்கி இடம்விட்டாள்.

“கடைசியா உங்க வீட்டுக்காரர் என்ன சாப்பி…”

தண்ணீர் ஓடுகிற இரைச்சல். கண்ணுக்குள் சூடு. எதிரே மீசை இருந்த இடத்தில் புகை.

பரவாயில்லை, இதற்குத்தான் இசைவு இருக்கிறதே. “இவருக்கு முகம் திற” என்றாள். காதுமணி மரியாதையாகக் கேட்டது: “அவருடைய பெயர்?”

செண்பகவடிவு வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். அவர் குடலின் போக்குவரை தெரியும், பெயர் தெரியாது. வம்பளக்கிற வாய்க்குப் பெயர் எப்போது தேவைப்பட்டிருக்கிறது? கடைசி வீட்டுக்காரர், மாடிவீட்டுக்காரி, அந்தக் குண்டு மனுஷன், இப்படியே ஓடிவிட்ட காலம். “கடைசி வீட்டுக்காரர்” என்று சொல்லிப் பார்த்தாள். “வீட்டு விவரம் தனியுரிமைத் தகவல்” என்றது மணி. எதிர்ப்பக்கத்திலிருந்தும் இசைவுக் கோரிக்கை வரவில்லை. அந்த மனிதரும் கேட்கவில்லையே! ‘அம்மா’வை வைத்துக்கொண்டு அவர் மட்டும் என்ன செய்வார்.

புகை எழுந்து போகவில்லை. அவள் இரண்டாவது காபியை அதன் பக்கம் நகர்த்தினாள். டம்ளர் சாம்பலுக்குள் போய், காலியாக வெளியே வந்தது. கரையில் இறங்கும் நெரிசலில் டீசல் நாற்றம் தைலத்தை விழுங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாகக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டினாள். அறிமுகமில்லாத தட்டல் உள்ளே கேட்காது என்று தெரிந்தேதான் தட்டினாள். சீட்டு எழுதிச் செருகினாலும் எழுத்து கலங்கித்தான் தெரியும். அடுத்த கடல் நாளுக்குச் சங்கம் எப்போது மனசு வைக்குமோ.

காலையில் எழுந்து, ஐப்பசிக்குப் பிறகு திறக்காத டப்பாவைத் திறந்து, கட்டிப் பெருங்காயத்தை உடைத்து நெய்யில் போட்டாள். பொரிந்தது. ஜன்னலையும் நடைவழிக் கதவையும் விரியத் திறந்துவைத்தாள். ஒரு ஆளுக்கு ரசம் கொதித்தது. நடைவழியில் ஒரு புகை போனது, மரிக்கொழுந்து. இன்னொன்று, சோப்பு. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

ரசம் ஆறிப்போன பிறகு வந்தது. முதலில் லேசாக, பிறகு நெஞ்சு நிறைய. நோயாளி இல்லாத வீட்டில் யாரோ கற்பூராதித் தைலத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள், கருகாமல், பக்குவமாக.