கடல் கழற்றாத கண்ணாடி

"வீ...ல்!"

கடலோர விடுதியின் கீழ்த்தளத்திலிருந்து வந்தது அந்த அலறல்.

யாரோ ஒரு பெண் அலறுகிறாள் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஓடினார்கள்.

அலறியது எழுத்தாளர்!

இதுவரை நூற்றுப் பதினேழு பாக்கெட் நாவல்கள். நாவலுக்குக் குறைந்தது இரண்டு கொலை. கழுத்தை நெரித்து, காரை ஏற்றி, காபியில் விஷம் கலந்து... சளைக்காமல் கொன்று தள்ளியவர். நிஜப் பிணத்தை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். பார்த்த மாத்திரத்தில் பக்கத்திலிருந்த சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் சோபா நனைந்திருப்பது உறைத்தது.

சூறாவளி அடித்து இது மூன்றாம் நாள்.

சுற்றுலா வந்தவர்கள் எல்லாம் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு ஊரை விட்டு ஓட, எதிர்த்திசையில் வந்து இறங்கியவர்கள் இரண்டே பேர். எழுத்தாளர், அவர் மனைவி. 'புயல் பூமியிலிருந்து நேரடியாக!' என்று அட்டையில் போட வேண்டும் என்பது பதிப்பாளரின் ஆசை. எழுத்தாளர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரி என்றார். கடல் தெரிகிற அறைதான் வேண்டும் என்று கறாராக வேறு சொல்லியிருந்தார். கொடுத்த அறையில் கடல் பிரமாதமாகத் தெரிந்தது.

சுவர் இல்லை!

கீழ்த்தள அலுவலகத்தில் இடுப்பளவு மணல். அதை வாரிக் கொட்டியவர்களின் மண்வெட்டியில் தட்டுப்பட்டது விடுதி முதலாளியின் கை. குறிப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று முதல் ஆளாக எட்டிப் பார்த்ததன் பலன்தான் மேற்படி அலறல்.

முதலாளி மல்லாந்து கிடந்தார். வாயில் மணல். மூக்கில் கண்ணாடி. பின்மண்டையில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது.

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். குனிந்தார். தலையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஒரே இடத்துல ரெண்டு அடி. புயல் இப்படிக் குறி பார்த்து அடிக்காது... இது கொலை."

நிமிர்ந்தவரின் பார்வை சோபாவில் விழுந்தது.

"சார்... நீங்களா? உங்க நாவல் ஒண்ணு விடாம படிச்சிருக்கேன் சார்."

எழுத்தாளர் அந்த நொடியே சோபாவை விட்டு எழுந்து நிமிர்ந்து நின்றார்.

விசாரணை தொடங்கியது. முதலில் பேசியவர் முதலாளியின் மச்சினன். இருபது வருடமாக வரவேற்பறை மேஜையைக் கட்டிக்கொண்டு அழுகிற மனிதர். சனிக்கிழமை பகலில் கடல் உள்ளே புகுந்தபோது தானும் முதலாளியும் மாடியில் இருந்ததாகச் சொன்னார். விருந்தினர் பதிவேட்டை எடுத்து வருகிறேன் என்று கீழே இறங்கிய முதலாளி திரும்பவே இல்லையாம். அவர் பின்னாலேயே கடற்கரை உயிர்காப்பாளர் அலுவலகத்துக்குள் நுழைந்ததை மாடியிலிருந்து பார்த்தாராம்.

உயிர்காப்பாளரை இழுத்து வந்தார்கள். ஆறடி உயரம். தூக்கம் காணாத கண்கள்.

புயலுக்கு முன் அவர் கடற்கரையில் சிவப்புக் கொடி ஏற்றியிருக்கிறார். விருந்தினர்கள் பயந்து ஓடிவிடுவார்கள் என்று முதலாளி அதைத் தன் கையாலேயே இறக்கியிருக்கிறார். உயிர்காப்பாளர் முதலாளியின் சட்டையைக் கொத்தாகப் பிடித்ததை ஊரே பார்த்திருக்கிறது.

"கோபத்துல சட்டையைப் பிடிச்சேன் சார். அதோட சரி. இவர் சொல்ற மாதிரி நான் உள்ள போகவே இல்ல."

"கடல் வந்தப்போ எங்க இருந்தே?"

"கண்காணிப்புக் கோபுரத்துல. தனியா. தண்ணி வடியறதுக்கு முன்னாடியே மீட்புப் படகு வந்துச்சு, ஏறிட்டேன். அக்கரைல மாட்டினவங்களை ஏத்தி இறக்கிட்டு இன்னிக்குக் காலைலதான் திரும்பினேன்."

இன்ஸ்பெக்டர் எழுத்தாளர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?"

எழுத்தாளர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு அடி நடந்தார். அவருடைய துப்பறியும் நாயகன் அப்படித்தான் நடப்பான்.

"சட்டையைப் பிடிச்ச கைதான் இன்ஸ்பெக்டர்... உயிரையும் பிடுங்கும்!"

விலங்கு 'க்ளிக்' என்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். உயிர்காப்பாளரின் மனைவி. விடுதியின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தவள். கையில் சோப்பு நுரை.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது ஐயா. நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்கு என் புருஷனைக் கூட்டிட்டுப் போறாங்க. நீங்க பார்த்தீங்களா?"

எழுத்தாளர் பின்னால் கட்டியிருந்த கைகளை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். நூற்றுப் பதினேழு நாவல்களில் எத்தனையோ பேரைக் கம்பி எண்ண வைத்திருக்கிறார். அவர்களில் ஒருவனுடைய மனைவிகூட இப்படி எதிரே வந்து நின்றதில்லை. பெரிய தப்பு பண்ணிவிட்டோம் என்று புரிந்தது. அதை வெளியே சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

"என்னங்க... ஒரு நிமிஷம்."

அதுவரை பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்த எழுத்தாளரின் மனைவி. கணவரின் நாவல்களுக்குப் பிழை திருத்துவது இவர்தான். அதனால் எதையும் உற்றுப் பார்த்தே பழக்கம்.

"இந்த ரூம் இரும்பு பீரோ நீச்சல் குளத்துல கிடக்கு. கதவு நிலையோட பிச்சுக்கிட்டுப் போயிருக்கு. இவர் மூக்கு மேல இருக்கிற கண்ணாடி மட்டும் எப்படிங்க அப்படியே இருக்கும்?"

அத்தனை பேரும் குனிந்து பார்த்தார்கள்.

"கடல் வந்தப்போ இவர் சாகல. கடல் போனப்புறம் யாரோ அடிச்சுப் போட்டு, மணலை இழுத்து மூடியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் மீட்புக் குழுவைப் பிடித்தார். ஆமாம், தண்ணீர் வடியும் முன்பே ஏறியவர், இன்று காலை வரை எங்களோடுதான் இருந்தார் என்றது அந்தப் பக்கம். விலங்கு கழன்றது. அந்தப் பெண் நுரைக் கையோடு கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மழையில் ஆள் சரியாகத் தெரியவில்லை, உயரத்தை வைத்துத்தான் சொன்னேன் என்று நழுவினார் மச்சினன்.

எழுத்தாளரின் மனைவி விடவில்லை.

"இந்தத் தப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கேன். உங்க எழுபத்திரெண்டாவது நாவல். 'கரை ஒதுங்கிய கொலை'. அதுலயும் வெள்ளத்துல செத்ததா எல்லாரும் நம்பற ஆள் மூக்குல கண்ணாடி இருக்கும். நான் சிவப்பு மைல சுழிச்சுக் கொடுத்தேன். யாரு கவனிக்கப் போறான்னு நீங்கதான் விட்டுட்டீங்க."

இன்ஸ்பெக்டர் விரலைச் சொடுக்கினார். "அப்போ அந்த நாவலைப் படிச்சவன்தான் கொலைகாரன்!"

எழுத்தாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார்.

"நீங்கதான் ஒண்ணு விடாம படிச்சவராச்சே..."

இன்ஸ்பெக்டரின் நெற்றியில் வியர்வை பூத்தது.

"அது... ஒரு மரியாதைக்குச் சொன்னது சார். கடைல தொங்கும்போது அட்டையைப் பார்த்திருக்கேன்."

படித்தவர் யார் என்று கூட்டத்தைக் கேட்டார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. மண்வெட்டிக்காரர்கள் அப்படி ஒரு எழுத்தாளர் இருப்பதையே இன்றுதான் கேள்விப்படுவதாகச் சொன்னார்கள். தனக்குப் புத்தகத்தைத் தொட்டாலே தூக்கம் வந்துவிடும் என்றார் மச்சினன்.

எழுத்தாளர் துக்கத்தை விழுங்கிக்கொண்டார்.

"சரி சார், அந்தக் கதைதான் என்ன? அதுலயாவது ஏதாவது பிடி கிடைக்குதா பார்ப்போம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எழுத்தாளர் தொண்டையைச் செருமினார்.

"பெரிய பணக்காரர் ஒருத்தர். வெள்ளம் வடிஞ்ச மறுநாள்... குடும்ப டாக்டர் அவரைப் பூச்சாடியால அடிச்சு..."

"டாக்டர் இல்ல சார்."

குரல் பின்னாலிருந்து வந்தது.

"மச்சினன். பூச்சாடியும் இல்ல, படகுத் துடுப்பு. பதினாலாவது அத்தியாயம். எழுதின நீங்களே இப்படி மாத்திச் சொல்லலாமா?"

அத்தனை தலைகளும் பின்னால் திரும்பின.

சொன்னவர் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். ரொம்ப லேட்!

இன்ஸ்பெக்டரின் கை மச்சினனின் தோளில் விழுந்தது. எழுத்தாளர் திருதிருவென்று விழித்தார். அவர் பொறி எதுவும் வைக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தன் கதை மறந்துபோயிருந்தது!

மச்சினன் மறைக்கவில்லை. புயலுக்குப் பிறகு விடுதியை இடித்துவிட்டு வேறு ஊர் போய்விடலாம் என்று முதலாளி முடிவு செய்தாராம். அப்போ நான் என்று கேட்டதற்கு, நீ உன் வழியைப் பார் என்றாராம்.

"இருபது வருஷம் சார்... ஆத்திரத்துல துடுப்பை எடுத்துட்டேன். அடிச்சதுல கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. உங்க கதைல மூக்குல இருந்துச்சேன்னு தேடி எடுத்து மாட்டிவிட்டேன். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்னு நம்பினேன் சார்."

அவர் குரலில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. எழுத்தாளரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஜீப் ஈர மணலை வாரி இறைத்துக்கொண்டு போனது.

கூட்டம் கலைந்ததும் எழுத்தாளருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஈரமான பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எப்படியோ... கொலைகாரனைப் பிடிச்சுட்டேன், பார்த்தியா?"

"பிடிச்சீங்க" என்றார் மனைவி. "உங்க கதையை அத்தியாயத்தோட ஞாபகம் வெச்சிருந்த ஒரே வாசகன். அவரையும் உள்ள தள்ளியாச்சு. அடுத்த நாவலைக் கடைக்கு அனுப்பாதீங்க... நேரா ஜெயிலுக்கே அனுப்பிடுங்க!"