தீவில் முடிந்த பேரம்

ஜமுனாமரத்தூரில் வேனை நிறுத்தியபோதே அந்தச் சுற்றுலா பாதி நாறிப்போயிருந்தது. அருவிக்குப் போனோம், பாறை இருந்தது, தண்ணீர் இல்லை. படகுத் துறைக்குப் போனோம். பூட்டு இருந்தது, ஆள் இல்லை. மூன்று மணி நேரம் வளைந்து வளைந்து மலையேறி, இரண்டு பேர் வாந்தியெடுத்து, என் எட்டுப் பயணிகளும் அதுவரை கண்ட ஒரே காட்சி டீக்கடை பஜ்ஜி.

"நோட்டீஸ்ல மலைமேல தீவுன்னு போட்டிருந்தீங்களே, அது எங்க கீது?" என்றாள் நதியா. வேலூரில் டீச்சர். கடைசி பெஞ்சை அதட்டுகிற குரலில்தான் எல்லோரிடமும் பேசுவாள்.

"போய்க்கினே இருக்கோம் மேடம்."

"காலையிலேர்ந்து போய்க்கினேதான் இருக்கோம்."

பின்சீட்டில் சிரித்தார்கள். என் மனைவி செவ்வந்தி மட்டும் சிரிக்காமல் என் பக்கம் சாய்ந்தாள். "வுடுங்க. பசியில பேசறாங்க. சோத்தப் போட்டா வாய் தானா மூடிடும்."

என் அப்பாவுக்குப் போளூரில் புளி மண்டி. எங்கள் வீட்டில் மருந்துக் கடையில்கூட விலை குறைத்துக் கேட்பார்கள். பேச்சு, இழுபறி எதுவும் இல்லாமல் எனக்குக் கிடைத்தது செவ்வந்தி ஒருத்திதான். அவளும் போய்விட்டால் என்னிடம் மிச்சம் என்று எதுவும் இல்லை.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், ஜீப் தடத்தின் முடிவில் ஓர் ஏரி. நடுவில் மூங்கில் அடர்ந்த ஒரு திட்டு. அதைத்தான் தீவு என்று நோட்டீஸ் அடித்திருந்தேன். பரிசல் தள்ளும் சின்னராசு அண்ணன் எங்களை இரண்டு நடையாக அக்கரை சேர்த்தார்.

திட்டின் மேட்டில், ஆதிகாலத்தில் செத்தவர்களுக்குக் கட்டிய கல்வீடுகள் இருந்தன. பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல் மூடி, இடுப்பளவு உயரம். முன்கல்லில் ஒரு தலை நுழையும் அளவுக்கு வட்டமாய் ஓர் ஓட்டை.

"அந்த ஓட்டைகிட்ட நின்னா உள்ளேர்ந்து எதுனா குடுன்னு கேக்கும்" என்றார் சின்னராசு. "வாயத் தொறக்காதீங்க தம்பி. சரின்னும் சொல்ல வேணாம், முடியாதுன்னும் சொல்ல வேணாம். கம்முனு வந்துருங்க."

"யாருண்ணா கேப்பாங்க?"

"தெரிஞ்சா பேரச் சொல்ல மாட்டனா?"

சாப்பாடு முடிந்தது. செல்ஃபி முடிந்தது. கொசு ஆரம்பித்தது.

"இதுக்குப் பேரு தீவா? எங்க வூட்டு மொட்டை மாடி இதவிடப் பெருசு" என்றாள் நதியா.

எனக்குக் காது வரை சூடேறியது. எல்லோரையும் பரிசலுக்குப் போகச் சொல்லிவிட்டு, சிதறிக் கிடந்த பேப்பர் தட்டுகளைப் பொறுக்கினேன். செவ்வந்தி மூங்கிலுக்கு அந்தப் பக்கம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மணி நாலு. வெயில் இருந்தது. ஆனால் மூங்கில் சலசலப்பு திடீரென்று நின்றது. பல வருடம் திறக்காத தானியக் குதிரின் மூடியைத் திறந்தது போல ஒரு நாற்றம்.

ஒரு தட்டு ஓட்டைக்குள் பறந்து விழுந்திருந்தது. குனிந்தேன்.

"ஒம்பது."

உள்ளே இருந்து வந்தது. ஆணா பெண்ணா தெரியவில்லை. மிக அருகில்.

சின்னராசு சொன்னது நினைவில்தான் இருந்தது. ஆனால் காலையிலிருந்து ஆளாளுக்கு என்னை மிதித்த நாள் அது. அதோடு, எங்கள் ஆட்கள் ஓர் எண்ணைக் கேட்டால் அது எதற்கான எண் என்று கேட்கமாட்டார்கள். முதலில் குறைப்பார்கள்.

"ஒண்ணு" என்றேன்.

"அஞ்சு."

"ஒண்ணு."

"மூணு."

பதில் சொல்லாமல் எழுந்து நடந்தேன். நடந்தால் கூப்பிடுவார்கள். எந்தக் கடையிலும் கூப்பிடுவார்கள்.

நாலாவது அடியில் பின்னால் குரல் வந்தது. "சரி. ஒண்ணு."

அன்று முதல் முறையாக எதையோ ஜெயித்த சுகம். வாய் தானாகக் கேட்டது: "கொசுறு?"

உள்ளே ஏதோ நகர்ந்தது. கல்மேல் கல் உரசுகிற ஓசை.

"உண்டு."

அப்போதுதான் உறைத்தது. என்னைத் தவிர அந்தத் தீவுக்கு நான் கூட்டிவந்தது ஒன்பது பேர்.

ஓடினேன். எல்லாரும் போயாச்சு என்று சொல்லி, சின்னராசு பரிசலைத் தள்ளினார். இக்கரையில் வேனுக்குள் தலைகளை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினேன். ஒன்பது. முன்சீட்டில் செவ்வந்தி நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மலைப்பாதையில் மூன்றாவது வளைவு. மணி ஐந்தரை. என் போன் அடித்தது.

செவ்வந்தி என்று காட்டியது.

"இன்னாங்க, எல்லாரும் எங்க போய்ட்டீங்க? தட்டு பொறுக்கிட்டுத் திரும்பறதுக்குள்ள பரிசலக் காணோம். இங்க இருட்டா கீது. யாரோ கல்ல நகத்தி மூடறாங்க. சீக்கிரம் வாங்க."

"யாரு போன்ல?" என்று கேட்டாள் பக்கத்தில் இருந்தவள்.

வேனைத் திருப்பினேன். எட்டுப் பேரும் கத்தினார்கள். ஏரிக்கரையில் சின்னராசு வேனுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"பேசிட்டீங்களா?"

தலையாட்டினேன்.

"எத்தினிக்கு முடிச்சீங்க?"

"ஒண்ணுக்கு."

"அப்ப முன்னால குந்திகினு கீறது?"

"கொசுறு கேட்டேண்ணா."

தீவில் யாரும் இல்லை. போலீஸ் ஸ்டேஷனில் மனைவியைக் காணோம் என்றேன். "பக்கத்துல நிக்கிறது யாருய்யா?" என்றார் ஏட்டு. அவள் அடக்கமாகச் சிரித்தாள். செவ்வந்தியின் அம்மா அப்பாவிடம் சொன்னேன். என்னை டாக்டரிடம் காட்டினார்கள். மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்ததும் வீட்டில் இருக்கிற இவள்தான்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த ஓட்டையின் முன் குந்துகிறேன். என்னை எடுத்துக்கொள் என்கிறேன். என்ன வேண்டுமானாலும் சொல், குறைத்துக் கேட்கமாட்டேன் என்கிறேன். ஒரு சொல் இல்லை. எந்த முரட்டு வியாபாரியையும் பேசவைத்துவிடலாம். வாயே திறக்காதவனிடம் என்ன செய்வது?

எட்டு மாதம் ஆகிறது. செவ்வந்தியின் போனில் இன்னும் சார்ஜ் தீரவில்லை. தினம் ஐந்தரைக்கு அடிக்கிறது. தினம் அதே வார்த்தைகள். சீக்கிரம் வாங்க.

இதற்கு நடுவே அந்த எட்டுப் பயணிகள் வேறு. அன்றைய பயணம் பாழானதற்கு ஈடாக இன்னொரு முறை கூட்டிப்போகச் சொல்லி வாரம் தவறாமல் நச்சரிக்கிறார்கள்.

நேற்றும் ஐந்தரைக்கு அடித்தது. எடுத்தேன். செவ்வந்தியின் குரல்தான். ஆனால் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை.

"எட்டு" என்றாள்.

பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன்.

சமையலறையில் இருந்தவள் வந்து, என் தோளில் கை வைத்து, காதோரம் குனிந்தாள்.

"கொறச்சுக் கேளுங்க."